கெண்டை அக்காவும் மீசை வைத்த மீனும்

மீனே கிடைக்காமல் மீன்பிடித்துவிட்டு, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட முகத்தோடு திரும்பி வரும் மனுஷி ஒருத்தி இந்த உலகத்தில் உண்டென்றால், அது எங்கள் கெண்டை அக்காதான். சந்தேகம் இருப்பவர்கள், ராமநாதபுரத்தில் நான் வேலைக்குப் போன புதிதில் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவள் நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் மட்டும் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்குச் சொந்த ஊர் பாம்பன். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. வாரம் முழுக்க ஊர்க்காரர்களின் வயிற்றுக்குள் கல் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், மடக்குத் தூண்டிலைக் குடை உறைக்குள் செருகிக்கொண்டு பரமக்குடி பஸ் ஏறி, வைகையில் கெண்டை பிடிக்கப் போய்விடுவாள்.

இதில் என்ன விசேஷம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பாம்பனில் அக்கா வீட்டு வாசலைத் தாண்டினால் கடல். அண்ணன் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சீலா மீனும் பாறை மீனும் கூடை கூடையாக வரும் வீடு. அந்த வீட்டுப் பெண் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லாத ஆற்றைத் தேடிப் போகிறாள். எங்கள் பக்கம் வைகையில் தண்ணீர் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் அறிவிப்பு வரும், பிறகு பேச்சு வரும், எல்லாம் அடங்கியபின் ஒருநாள் தண்ணீர் வரும். வராத மாதங்களிலும் அக்கா விடமாட்டாள். தடுப்பணைக்குக் கீழே தேங்கிக் கிடக்கும் குட்டையில், எருமைகளுக்கு நடுவே தூண்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எருமைகளே அலுத்துப்போய் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பாள்.

"கடல வாசல்ல வச்சுக்கிட்டு இங்கன வந்து தூண்டி போடுறியேம்மா?" என்று மாடு மேய்க்கிறவர் கேட்டால், "கடலுக்குப் போறது பொழப்புண்ணே. இது பொழுது" என்பாள்.

கிளம்பும்போது "நெறைய பிடிச்சுட்டு வாங்கக்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"நெறைய வேணும்னா மார்க்கெட்டுக்குப் போக மாட்டேனாடி? ஆத்துக்குப் போனா ஒண்ணும் கிடைக்காதுன்னு நெனச்சுத்தான் போகணும். அப்பத்தான் சுண்டுவிரல் தண்டிக்கு ஒண்ணு கடிச்சாக்கூட மனசு நெறையும்."

தூண்டிலுக்கு இரை மண்புழு அல்லது கோதுமை மாவு. மாவில் பெருங்காயம் கலந்து பிசைந்து, டப்பாவில் அடைத்து, விடுதி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பாள். ஒரு சனிக்கிழமை ராத்திரி சமையல்காரம்மா அது தெரியாமல் அந்த மாவில் சப்பாத்தி போட்டுவிட்டார். வார்டனம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குத்தான் சப்பாத்தி சப்பாத்தி மாதிரி இருக்கு" என்றார். விஷயம் தெரிந்தபின் அவர் அக்காவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் விடுதிச் சப்பாத்தியில் பெருங்காயம் நிரந்தரமாகிவிட்டது.

எங்கள் அறையில் இன்னொருத்தி, கீழக்கரை சமீமா. வெள்ளைக்காரர்கள் ஆற்றில் கெண்டை பிடித்து, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையிலும் தூக்கி நிற்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஒருதரம் அக்காவோடு கிளம்பினாள். மசாலா டப்பா, எலுமிச்சம்பழம், ஐஸ் போட்ட பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டாள். "ராத்திரிக்கு ஆத்து மீன் கொண்டு வாரேன்" என்று உம்மாவுக்குப் போன் வேறு போட்டாள். அன்றைக்குக் கிடைத்தது ஒரே ஒரு மீன்.

"யா அல்லா! இத போட்டோ எடுக்கணும்னாலே ஜூம் பண்ணணுமேக்கா!" என்று சமீமா அழாத குறையாகச் சொல்ல, அக்கா அந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "எம்புட்டு அழகா துள்ளுச்சு பாத்தியா?" என்றாளாம்.

அக்காவுக்கும் ஒரு ஆசை இருந்தது. வாயின் இரண்டு ஓரத்திலும் மெல்லிசாக மீசை வைத்த பெரிய கெண்டை. தண்ணீர் ஓடும்போதுதான் அது வரும். ஒருமுறை தூண்டிலில் மாட்டி, தலையைக் காட்டி, தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டதாம். அதைப் பற்றி அக்கா ரசித்து ரசித்துப் பேசுவாள். ஆனால் 'பிடிப்பேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மழைக்காலம். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். நான் அபிராமத்துக்காரி; கண்மாய்க்கு மேல் தண்ணீர் பார்த்தவள் இல்லை. ஓடுகிற வைகையைப் பார்க்கும் ஆசையில் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ஒட்டிக்கொண்டேன். பரமக்குடியில் இறங்கி, மினி பஸ் மாறி, ஒரு கிராமத்துத் தடுப்பணைக்குப் போய்ச் சேர்ந்தோம். செம்மண் கலரில் ஆறு புரண்டு கொண்டிருந்தது. வாடைக்காற்று நாணலைத் தரையோடு படுக்க வைத்தது. அக்கா கரையோரப் பாறையில் வசதியாக உட்கார்ந்து தக்கையைத் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் ஒரு தடவை மணியடித்து நின்றது. பாறையில் சிக்னல் இல்லை. கரைமேட்டில் ஏறிப் பேசிவிட்டு இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

"என்னக்கா?"

"மதினி பேசுச்சு. நேத்து சாயங்காலம் போன அண்ணன் இன்னும் கரைக்கு வரல. கூடப் போன வள்ளமெல்லாம் விடியக்காலமே வந்துருச்சாம். அங்கன காத்து ரொம்ப கூடுதலாம்."

நான் பையைத் தூக்கிவிட்டேன். "வாங்கக்கா, போவோம்."

"எதுல போவ? மினி பஸ்சு மத்தியானத்துக்குத்தான் திரும்பி வரும்."

ஊருக்குள் ஓடி, யாரிடமாவது வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். இருந்த ஒரே ஆட்டோ பிரசவத்துக்குப் போயிருந்தது. பைக் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், அக்கா மறுபடி பாறையில் உட்கார்ந்து முள்ளில் புழுவைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன பைத்தியமா? அண்ணனக் காணோம்ங்கிறாக, நீங்க இங்கன மீன் பிடிக்கிறீக!"

அவள் நிமிரவில்லை.

"பாம்பன்ல இருந்தா மட்டும் என்னடி செய்வேன்? எல்லாரோடயும் கரையில நிப்பேன். நின்னு கடலப் பாத்துக்கிட்டே இருப்பேன். எங்க அய்யா ஒருக்க இப்பிடித்தான் வரல. நான் அப்ப ஸ்கூல் படிக்கிறேன். அம்மா, சித்தி எல்லாம் நின்னாக. நானும் நின்னேன். அய்யா தங்கச்சிமடம் பக்கத்துல ஒதுங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துட்டாரு. அவரு வந்துட்டாருடி. ஆனா அன்னைக்கு நின்ன நிப்பு இருக்கே, அது இன்னும் எனக்குள்ள நிக்கிது."

சொல்லிக்கொண்டே இருந்தவள், "ஸ்ஸ்" என்று கையை இழுத்தாள். முள் புழுவை விட்டுவிட்டு விரலில் ஏறியிருந்தது. புழுவை வாங்கி நானே கோத்துக் கொடுத்தேன். அபிராமத்தில் எங்கள் வீட்டில் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

"போன எடுத்துக்கிட்டு நீ மேட்டுல நில்லு. சிக்னல் போயிரக் கூடாது" என்றாள்.

நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினால் சிக்னல் கூடுகிறது என்று பார்த்து, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"சிக்னல் இருக்கா?"

"இருக்குக்கா."

கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் மட்டும்.

"சார்ஜு இருக்கா?"

"இருக்குக்கா."

மறுபடி ஆற்றுச் சத்தம். போன் அடித்தது. என் உடம்பு மொத்தமும் சேர்ந்து அடித்தது. எடுத்தேன். உங்கள் போனில் பாட்டு வைத்துக்கொள்ள எண் ஒன்றை அழுத்துங்கள் என்று ஒரு பெண் குரல் கொஞ்சியது. அந்தப் பெண் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அவளை ஆற்றில் தள்ளியிருப்பேன். "அது விளம்பரம்க்கா!" என்று கத்தினேன். அக்கா தலையை ஆட்டினாள். பாறையில் அவள் இன்னும் சுருங்கி உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. "மாதாவே, மாதாவே" என்று அவள் உதடு அசைந்ததை மேட்டிலிருந்தே பார்க்க முடிந்தது.

வெயில் ஏறியது. மினி பஸ் வரும் பாதையில் ஒரு கண், போனில் ஒரு கண், அக்கா மேல் ஒரு கண். மூன்று கண் இருந்தாலும் போதாத நேரம் அது. திடீரென்று அக்கா எழுந்து நின்றாள். தக்கையைக் காணோம். தூண்டில் கம்பு வில்லாக வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டது. நரம்பு ஆற்றுக்கு நடுவே விர்ரென்று ஓடியது. தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு புரண்டது. மீன் தெரியாத எனக்கே தெரிந்தது, அது சுண்டுவிரல் இல்லை.

அதே நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்காவின் மதினி.

எடுத்தேன். மறுபக்கம் அழுகை. பேச்சே இல்லை, வெறும் அழுகை. இறங்கி ஓடினால் சிக்னல் போய்விடும்.

"அக்கா! மதினி! மேல வாங்க!"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அப்படியே நின்றுவிட்டாள். கம்பு அவள் கையில் ஆடிக்கொண்டே இருந்தது.

"மீன விட்டுட்டு வாங்கக்கா!"

"நீயே கேளு!" என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்னன்னு நீயே கேட்டுச் சொல்லு! நான் வரல!"

மீனுக்காக அவள் நிற்கவில்லை. மேட்டில் ஏறி அந்தச் சேதியைக் கேட்க அவளால் முடியவில்லை. கம்பை விட்டால் விழுந்துவிடுவது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நான் போனில் "அழாதீங்க, என்னன்னு சொல்லுங்க, சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் போன் கை மாறும் சத்தம். பிறகு ஒரு கரகரத்த ஆண் குரல்.

"யாரும்மா பேசுறது? எங்க எந்தங்கச்சி?"

"அண்ணனா? அண்ணனா பேசுறது?"

"ஆமா. இஞ்சின் மக்கராகிப் போச்சு. அப்பிடியே காத்துல இழுத்துட்டுப் போயிருச்சு. மண்டபத்துக்காரப் பயக கட்டி இழுத்துட்டு வந்து விட்டாக. நல்லாத்தான் இருக்கேன். இவதான் அழுதுக்கிட்டே இருக்கா. எங்கம்மா அவ?"

"ஆத்துலண்ணே. தூண்டில்ல ஒரு மீன் மாட்டியிருக்கு. பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

அவர் உடனே கேட்டார்: "பெருசா?"

"அக்கா! அண்ணன் வந்துட்டாரு! பேசுறாரு! நல்லா இருக்காரு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன்.

அக்கா பாறையை விட்டு வழுக்கி, முழங்கால் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். அவள் கையில் கம்பும் சேர்ந்து குலுங்கியது. இரண்டு பேரும் அப்போதுதான் அதைப் பார்த்தோம். இவ்வளவு களேபரத்திலும் மீன் போகவில்லை.

"ஏய், இருக்குடி!" என்றாள் அக்கா.

அவள் நரம்பைச் சுற்றி இழுக்க, நான் துப்பட்டாவோடு தண்ணீருக்குள் பாய்ந்து அள்ள, முழங்கை நீளத்துக்குப் பொன்னாகப் பளபளத்துக்கொண்டு கரைக்கு வந்தது. வாயின் இரண்டு ஓரத்திலும் மீசை. அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். எந்த மீனையும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவள், அன்றைக்கு என் துப்பட்டாவைப் பிழிந்து அதில் சுற்றினாள்.

"இத அண்ணனுக்குக் கொண்டுபோறேன்."

ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் மாறினோம். கண்டக்டர் எங்கள் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்து, "என்னம்மா அது, நாறுது?" என்றார்.

"மீனுண்ணே."

"எங்க போறீக?"

"பாம்பனுக்கு."

"பாம்பனுக்கு மீனா!" அவ்வளவுதான். பாலம் வரைக்கும் அந்த மனுஷன் ஒவ்வொரு சீட்டாகப் போய் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

உப்புப் பூத்த உடம்போடு அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் கையை, தோளை, தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இஞ்சினப் பாக்காம எதுக்குப் போன?" என்று சத்தம் போட்டாள்.

"நீ என்னடி செஞ்ச? என்னையக் காணோம்னு அழுதியா, மீன் பிடிச்சியா?"

"ரெண்டுந்தான்."

மதினி குழம்பு வைத்தார். அண்ணன் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். "ஒரே முள்ளு. சேத்து வாடை வேற. இதுக்காடி ஞாயித்துக்கெழம தவறாம பஸ் ஏறுற?" என்றார். சொல்லிக்கொண்டே தலையை எடுத்து உறிஞ்சினார். நடுத்துண்டை எடுத்தார். வாலையும் விடவில்லை. தட்டில் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அக்கா ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் பாலம் ஏறியதுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராமநாதபுரம் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். "ஏம்மா, எறங்குங்க, பஸ்சு டிப்போவுக்குப் போகணும்" என்று டிரைவர் சத்தம் போட்டார். "இந்தா எறங்குறோம்ணே, இந்தா எறங்குறோம்" என்று சொல்லிக்கொண்டே, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.