சுவர்மேல் கொடி

ஜேசிபி டிரைவர் அருண்பாண்டி என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தான்.

"நான் இடிக்க மாட்டேன் மேடம்."

"ஏன்?"

அவன் மேலே கையைக் காட்டினான். பாதையை மறித்து நின்ற சுவரின் உச்சியில், நேற்றுவரை இல்லாத கம்பத்தில், தேசியக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் வேல்விழிக்குக் காது மடல்வரை சூடேறியது. கீழத்தெருவிலிருந்து மெயின்ரோட்டுக்கு வர இருந்த ஒரே நேர்ப்பாதை அது. எட்டு வருஷத்துக்கு முன்பு கோட்டைச்சாமி அதைத் தன் திராட்சைத் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டு, சுவர் எழுப்பி, இரும்புக் கதவையும் போட்டுப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடைக்கரையில் இரண்டு மைல் சுற்றுகிறார்கள். மூன்று பெண்கள் படிப்பையே விட்டுவிட்டார்கள். கடமலைக்குண்டுப் பக்கம் இதே மாதிரி சுற்றிச் சுற்றி நடந்துதான் வேல்விழி தன் வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கினாள். அதனால் ஆறு மாதம் அலைந்து, இடிக்கும் உத்தரவையும் வாங்கிவிட்டாள். ஜேசிபி இன்று மதியம்வரைதான். இன்றைக்கு விட்டால் கோட்டைச்சாமி கோர்ட்டில் தடை வாங்கப் பார்ப்பார்.

"கொடிய மரியாதையா எறக்குங்க பெரியவரே."

கதவுக்கு உள்ளே நின்ற கோட்டைச்சாமி சிரித்தார். "பொழுது விழுகாம எறக்கலாமாத்தா? படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியல."

"சட்டம் எனக்கும் தெரியும்" என்று போனில் தேடிச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தவள், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதுத் திருத்தப்படி பொதுமக்கள் தங்கள் இடத்தில் பகலும் இரவும் கொடியைப் பறக்கவிடலாம்.

"ராவும் பறக்கலாமா! அப்ப எறக்கவே வேணாம்ங்கிற. நல்லாருப்பத்தா."

போலீசைக் கூப்பிட்டாள். ஏட்டு நாகராஜ் பைக்கில் வந்து இறங்கும்போதே உறுமினார். "எவன்டா அது, அரசாங்க வேலையத் தடுக்கிறது?" பிறகு நிமிர்ந்து பார்த்தார். பூட்ஸ் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. விறைப்பாக ஒரு சல்யூட். கை கீழே இறங்கியபோது குரலும் கூடவே இறங்கிவிட்டது.

"ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசந்தான் இருக்கு மேடம். என்னய விட்ருங்க."

தாசில்தாருக்குப் போன் போட்டாள். "கொடியில கைய வச்சிராதம்மா! எவனாச்சும் படம் பிடிச்சான், சாயங்காலம் டிவில நீயும் நானுந்தான்."

பதினொன்றரைக்கு ஜேசிபி சின்னமனூர்ப் பக்கம் கிளம்பிப் போனது. கோட்டைச்சாமி மீசையைத் தடவினார்.

"வேலி போட்டாப் பிரிச்சிருவீக. சுவரு வச்சா இடிச்சிருவீக. இத என்ன செய்வீக?"

வேல்விழிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அது என்ன, உங்க கொடியா?"

"பெறகு? என் சுவத்துல பறந்தா என் கொடிதான்."

ஏட்டு பதறினார். "அண்ணே, தேசியக் கொடிய என் கொடிங்காதீக. ஆளாளுக்குப் போன்ல எடுக்கிறாக."

"சரிப்பா, நம்ம கொடி. எல்லாருக்கும் பொது. போதுமா?"

"எல்லாருக்குமா?" என்றாள் வேல்விழி.

"எல்லாருக்குந்தான்!"

கூட்டத்தில் நின்ற கீழத்தெரு சங்கிலியம்மாள் கீரைக்கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "அப்ப நாங்களும் கிட்ட வந்து ஒரு சல்யூட்டு அடிச்சுக்கிறோம். கதவத் தெறண்ணே."

"அங்கனருந்தே அடி!"

"கொடியோட முதுகுக்கா அடிக்கச் சொல்ற?"

இருபது போன்கள் உயர்ந்தன. கோட்டைச்சாமி பூட்டைத் திறந்தார்.

சங்கிலியம்மாள் இடது கையால் ஒரு சல்யூட் வைத்தாள். வந்த வழியே திரும்பவில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் விறுவிறுவென்று நடந்து, மறுபக்கம் மெயின்ரோட்டில் ஏறி, கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பின்னால் பால்கேன், விறகுக்கட்டு, கடைசியில் ஒரு வெள்ளாடு. ஆடு மட்டும்தான் சல்யூட் அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் நாற்பது பிள்ளைகள் புத்தகப் பையோடு வரிசையாக வந்து கொடி வணக்கம் செய்துவிட்டு, ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடித்தார்கள். சாயங்காலம் திரும்பும்போதும் மறக்காமல் வணக்கம் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் கோட்டைச்சாமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ஏத்தா, அந்தக் கொடிய எறக்கிறட்டுமா?"

"தாராளமா எறக்குங்க. ஜேசிபிக்குப் போன் போடுறேன்."

"அப்பக் கதவ மட்டும் பூட்டிக்கிறேன்."

"பூட்டுங்க. பள்ளிக்கூடப் புள்ளைகள கொடி வணக்கம் செய்ய விடமாட்டேங்கிறாருன்னு டிவிக்குச் சொல்லிருவோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வேல்விழி தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். சாயங்காலம் அந்தப் பாதையிலேயே நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள்.

பந்தலுக்கு அடியில் கோட்டைச்சாமியின் மனைவி ராஜாத்தி தூக்குவாளியோடு எதிரே வந்தாள். வேல்விழியால் சும்மா இருக்க முடியவில்லை.

"சுவத்துல கொடி கட்டுற யோசனை உங்க வீட்டுக்காரர் மூளைக்கு எப்படிக்கா வந்துச்சு?"

ராஜாத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கீழத்தெருப் பக்கமாக நடையைக் கட்டினாள்.

"அவுக மூளைக்கா? நான்தான்த்தா சொன்னேன். சுவர இடிச்சா மறுபடி கட்டிருவாக, கொடி பறந்தா கதவத் தெறந்துதான ஆகணும்? கீழத்தெரு எங்காத்தா வீட்டுக்கு எட்டு வருசமா நானும் ஓடைக்கரையச் சுத்தியில்ல போறேன்!"