உப்புப் போட்டவளைப் பிடித்த சிஐடி நைனா

சாமியே நேரில் வந்தாலும் ஐடி கார்டைப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார், எங்கள் சிஐடி நைனா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் இருக்கும் எங்கள் தாவர உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். பக்கத்து ஊரில் சொந்தமாக நெல் வயல் உண்டு. சொந்தப் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டால், “எதுக்குக் கேக்கற?” என்பார். சிசிடிவி கேமராவையே நம்பாமல் அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

இலைகளை உறைய வைக்க நாங்கள் திரவ நைட்ரஜன் ஊற்றும்போதெல்லாம் கதவோரம் வந்து நிற்பார். “நெருப்பில்லாமப் பொகையாதும்பாங்கோ. இங்க பொகையுது, நெருப்பக் காணோம். இன்னாத்தம்மா மறைக்கறீங்கோ?”

அப்போது நான் வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி வந்துபோகும் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். கண்ணாடிக் கூடத்தில் தொட்டி தொட்டியாக நெல் வளர்த்தேன். பாதிக்கு நல்ல தண்ணீர், பாதிக்கு உப்புத் தண்ணீர். உப்பில் தவிக்கும் பயிரின் இலையில் புரோலின் என்ற பொருள் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதுதான் என் வேலை.

ஏறினால்தானே! மூன்று வாரம் உப்பு ஊற்றியும் இரண்டு பக்கமும் ஒரே பச்சை, ஒரே அளவு. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நெஜமாவே உப்பு ஊத்துறீங்களா, இல்ல நோட்டுல மட்டும் எழுதுறீங்களா?”

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்றார். அட போங்கய்யா என்று வந்தது எனக்கு. வேலை போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பெயரோடா போவது?

நான் இல்லாத நேரத்தில் யாராவது தொட்டிகளில் கை வைக்கிறார்களா என்று பார்க்க, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மண் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். குடமும் கையுமாக நைனா வந்தார். என் உப்புத் தொட்டிகளில் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றினார். வடிந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு குடம் ஊற்றினார்.

“நைனா! இன்னா பண்றீங்க?”

மனிதர் அசரவில்லை. “கத்தாதம்மா. எவனோ தெனம் இதுல உப்பக் கலக்கறான். நானும் வாட்ச் பண்ணிக்கினே கீறேன், சிக்க மாட்டேன்றான். உப்பேறின நெலத்த நல்ல தண்ணி வுட்டு அலசி வடிச்சாத்தான் பயிரு பொழைக்கும்.”

“அந்த எவனோ நான்தான், நைனா.”

குடம் அந்தரத்தில் நின்றது. “பயிருக்கா உப்பு போட்ட? சோறுதானே துன்ற நீ?”

நான் புரோலின் என்று வாயெடுப்பதற்குள் நைனா டைரக்டர் அறைக்கு ஓடிவிட்டார். தொலைந்தேன் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

“சார், இந்தப் பொண்ணு தெனம் உப்பு ஊத்துது சார்! தன் வாயாலயே ஒத்துக்கிச்சு! நான் மட்டும் அலசி வுடலன்னா அத்தினியும் கருகிப் போயிருக்கும். மொதல்ல இத வேலைய வுட்டுத் தூக்குங்க!”

டைரக்டர் மெல்ல நிமிர்ந்தார். “தெனமும் ஊத்துனாங்களா? நல்லாத் தெரியுமா?”

“நாக்குல வச்சிப் பாத்தேன் சார். ஒருநாள்கூடத் தப்பல!”

என்னை வேலையை விட்டுத் தூக்க வந்தவர், எனக்காக இதைவிடப் பெரிய சாட்சி சொல்லியிருக்க முடியாது. கூடத்துக்குப் பூட்டுப் போட்டு மறுபடி சோதனை நடந்தது. பயிர் மஞ்சளானது, புரோலின் ஏறியது, ஒப்பந்தமும் நீண்டது. நைனா மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நானோ, தட்டில் சோறு போடும்போதெல்லாம், என் உப்பைக் கழுவி ஊற்றிய அந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.