கல்லுக்குள் ஐஸ் பார்த்த சம்மட்டி சார்

ஜூன் மாதத்துத் துபாயில், ஜெபல் அலியில், ஐஸைப் பற்றியே பேசி, கேட்டவர்களை இன்னும் அதிகமாக வியர்க்க வைத்த ஒரே மனிதர் எங்கள் சம்மட்டி சார்தான்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன்: 2006. அரசு வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது அந்தச் செப்டம்பரில். இது அதற்கு முந்தைய கோடை. கட்டடம் எழுப்புமுன் நிலத்தடியைச் சோதிக்கும் சின்னக் கம்பெனியில் அவர் புவியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர். சம்மட்டி அடித்தது நான். பட்டப்பெயர் மட்டும் அவருக்குப் போய்விட்டது.

வெளிநாட்டில் படித்தபோது அவர் ஆராய்ந்தது பாறைப் பனியாறுகளை. வெளியே பார்த்தால் மலைச்சரிவில் கொட்டிவிட்ட கற்குவியல், உள்ளே ஐஸ். தோண்டாமல் அதை அறிய, தரையில் அதிர்வை உணரும் ஜியோபோன்களை வரிசையாகக் குத்திவிட்டு இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடிப்பார்கள். அதிர்வு தளர்ந்த கல்லில் சோம்பலாகப் போகும், ஐஸில் ஓடும். அது வந்துசேரும் நேரத்தை வைத்து ஐஸ் எங்கே, எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம். நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த ரூமில் எல்லோர் பர்ஸிலும் மனைவி, பிள்ளைகள் படம். அவர் பர்ஸில் கற்குவியல்.

இங்கே அடித்தால் ஐஸ் கிடைக்குமா, மோரில் போடலாமே என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டார். சார் சிரிக்கவில்லை. ஏன் கிடைக்காது என்பதை மதியச் சாப்பாடு முடியும்வரை விளக்கினார்.

அவர் கையைத் தூக்கினால் சைட்டில் யாரும் அசையக் கூடாது. காலடிகூடப் பதிவில் விழும். பார்வையிட வந்த மேனேஜரே ஒருமுறை தூக்கிய காலோடு நின்றார். ஒற்றை அடியையும் அவர் நம்பமாட்டார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கவைத்து எல்லாவற்றையும் கூட்டுவார். கண்ட இரைச்சல் அடங்கி, உண்மை பெருகி நிற்கும். இந்த வழக்கம் ரூமுக்கும் வந்தது. ஒரே சாம்பாருக்கு உப்பு போதுமா என்று ஓயாமல் கேட்பார்.

அந்த ஆனியில் எனக்குக் கல்யாணம். டிக்கெட் கையில் இருந்தது. ஊருக்குக் கிளம்பும் வாரம் பார்த்து வயிற்றில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் பயணம் போய்விடும் என்று மூச்சுவிடவில்லை. சைட்டில் அடித்துக்கொண்டிருந்தேன். பதிவுக் கருவியின் திரையில் என் அடி இளைத்துக்கொண்டே வருவதைச் சார் பார்த்துவிட்டார்.

“என்ன செய்யுது உமக்கு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

மறுபடி கேட்டார். வெயில் என்றேன். மறுபடி. கேஸ் டிரபிள் என்றேன். நான்காவது தடவை பக்கத்திலேயே வந்து நின்றார்.

“வெளியிலை பார்த்து ஒண்டும் சொல்லேலாது. என்ன செய்யுதெண்டு நீர் சொல்லும்.”

“வலது பக்கம், அடிவயிறு சார். நிமிர முடியல. ஆஸ்பத்திரின்னு போனா கல்யாணம் நின்னுடும்.”

“மாப்பிள்ளை செத்தாலும் கலியாணம் நிக்கும். ஏறும் வண்டியிலை.”

ஒரு வயரைக்கூடச் சுருட்டாமல் விடாத மனிதர், அத்தனை கருவியையும் மணலில் போட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போனார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது என்றார் டாக்டர்.

பெண் வீட்டுக்குப் போன் செய்து விளக்கியதும் அவரே. என் மாமனாருக்குக் குடல்வாலைவிடப் பாறைப் பனியாறுதான் நன்றாகப் புரிந்தது.

ஆடி போய், ஆவணியில் கல்யாணம் நடந்தது. இன்றுவரை ஒவ்வொரு கல்யாண நாளிலும் காலையில் என் மனைவி முதலில் போன் போடுவது அவருக்குத்தான். பக்கத்தில் நிற்கும் எனக்கு வாழ்த்து அதற்குப் பிறகுதான்.