கடலில் குதிக்க எதற்குச் சட்டை

மஞ்சக்குப்பம், கடலூர்
வியாழக்கிழமை

அன்பு நிறைந்த ஜான்சி அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் அனுப்பிரியா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. சிதம்பரத்தில் நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். நான் சுகமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, பயம்தான். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் எனக்கு 'ம்' தவிர வேறு எதுவும் வராது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் தினமும் கடலூருக்கு வேலைக்கு வந்துபோகும் மாமா ஆபீஸ் முடிந்து ரயில் ஏறுவதற்குள் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு வாலிபர் ஆராதனை. டப்பாவில் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த வேதப்பகுதி வருகிறதோ அவர் அடுத்த மாதம் எழுந்து நின்று விளக்க வேண்டும். மூன்று வருஷமாகச் சீட்டு எடுக்கும் நேரத்தில் நான் பாத்ரூம் போய்விடுவேன். போன மாதம் பாஸ்டர் சாமிக்கண்ணு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். எனக்கு வந்தது யோவான் இருபத்தொன்றாம் அதிகாரம். ஒரு மீன்கூட அகப்படாத சீஷர்களிடம், கரையில் நிற்கும் இயேசு படகுக்கு வலதுபுறம் வலை போடச் சொல்கிறார், வலை நிறைகிறது. நிற்பவர் ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு மேற்சட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார்.

பாஸ்டருடைய சட்டம் ஒன்றுதான். "வேதத்த வேதத்தாலயே விளக்கணும். வெளிச்சரக்கு ஆகாது." விளக்கவுரைப் புத்தகம், யூடியூப் எதுவும் கூடாது. நானும் வேதத்தை மட்டும்தான் வாசித்தேன், பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டையிலேயே மாட்டிக்கொண்டேன். கடலில் குதிக்கிறவர் சட்டையைக் கழற்றத்தானே செய்வார், எதற்குப் போடுகிறார்? ஆதியாகமத்திலிருந்து தேடிப் பார்த்தேன், பதில் இல்லை. இதே யோசனையில் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டைக்கு ஒரு காப்பி கேட்டவருக்கு இருபது போட்டுக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். கடைசியில், தெருவுக்கு மீன் கொண்டுவரும் புஷ்பவள்ளி அக்காவிடம் கேட்டேன். "எனக்கென்னாடி தெரியும்? எங்க வூட்டுக்காரர கேளு, வா" என்று தேவனாம்பட்டினத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வீட்டுக்காரர் பெயர் திருநாவுக்கரசு. கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் அக்காவின் கூடைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சத்தமா கேளு பாப்பா, செத்த மீனே ஒன்னவுட சத்தமா பேசும்" என்றார். விஷயம் புரிந்ததும் கேலி செய்யவில்லை. "கரையில நிக்கிறது பெரிய மனுஷன்ல? வெறும் ஒடம்போட எப்பிடி எதுருல போயி நிப்பாரு? எம்பொண்ண கேட்டு சம்மந்தி வூட்டுக்காரங்க கரைக்கே வந்துட்டாங்க. நான் கோவணத்தோட தண்ணியில. சட்ட கரையில கெடக்குது. கழுத்து மட்டும் தண்ணியில நின்னுகிட்டே 'வாங்க, வாங்க, ஒக்காருங்க'ன்னு அர மணி நேரம் பேசினேன்."

"அதுக்கப்புறமும் பொண்ணு எடுத்தாங்க பாரு, அவுங்கதான் மனுஷங்க" என்றார் அக்கா.

போனதுதான் போனேன் என்று, வலையை வலதுபுறம் போடச் சொன்னது ஏன் என்றும் கேட்டுவைத்தேன். "படகுல இருக்கிறவனுக்கு தெரியாத மீன் கூட்டம் சில நேரம் கரையில நிக்கிறவன் கண்ணுக்கு தெரியும். தண்ணி நெறம் மாறும்" என்றார்.

அத்தை, போன ஞாயிறு இதையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். நடுக்கத்தில் எதை விடுவது என்று தெரியவில்லை, கோவணத்தைக்கூட விடவில்லை. சபையே சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. "தண்ணி நெறத்த பாத்துதான் சொன்னாருன்னா அற்புதம் எங்க போச்சு? ஒனக்கு யாரு சொன்னது?" என்றார். சொன்னேன். "சபைக்கே வராதவருகிட்ட போயா வேதம் கத்துகிட்ட?" என்றார். அற்புதம் இல்லை என்று நான் சொல்லவே இல்லையே அத்தை. அவசரத்திலும் மரியாதைக்காகச் சட்டை தேடினார் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பேதுருவையே பிடித்தது. வரும் ஞாயிறு எல்லார் முன்பும் நான் செய்தது தவறு என்று சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவாராம். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட என்னை 'டீச்சர்' என்று கூப்பிட இந்த உலகத்தில் அந்தப் பதினான்கு பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். தவறு என்று சொன்னால் பொய், சொல்லாவிட்டால் வகுப்பு போச்சு. ஆகவே நீங்கள் சனிக்கிழமையே வந்து, உங்களுக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். அதுவும் பொய்தான், ஆனால் அது உங்கள் கணக்கில் போய்விடும்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். எங்கள் வீட்டுக்கு வர அதற்கு வழி தெரியவில்லை.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
அனுப்பிரியா

பின்குறிப்பு: அத்தை, வர வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது புஷ்பவள்ளி அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரரைக் கண்டிக்கப் பாஸ்டர் நேற்றுத் தேவனாம்பட்டினம் போனாராம். போனவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லையாம். பவுல் ஏறிய கப்பல் புயலில் மாட்டும் பகுதியைத் திறந்து, "நங்கூரத்த ஏன் பின்பக்கம் போட்டாங்க?" என்று அவரிடமே கேட்டு, பதிலைப் பைபிள் ஓரத்தில் எழுதிக்கொண்டாராம். வகுப்பு இனி எனக்கேதான். ஆனால் வரும் ஞாயிறு திருநாவுக்கரசு சபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டுமாம், எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டியது நானாம். பாஸ்டர் எழுதி வைத்திருப்பது பதினேழு கேள்வியாம்! தவறு என்று சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். திருநாவுக்கரசோ, தன் சட்டை எல்லாம் மீன் வாடை, அதைப் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறாராம். நாளைக் காலை மாமா வரும்போது அவருடைய வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.