குரங்கு காலை நீட்டியது, நான் கையை நீட்டவில்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே என் மானத்தைத் தவிர எல்லாரும் சௌக்கியம். தங்கள் மகள் மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். தாங்களும் சிரித்து முடித்துவிட்டு, சிரமம் பாராமல் அந்தக் குழுவிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பூசியை மனிதருக்குப் போடுமுன் குரங்குகளிடம் சோதிக்க வேண்டும், அதற்கு எந்த ஆய்வுக்கூடம் தேறும் என்று பார்த்துச் சொல்லும் குழுவில் விஞ்ஞானி அல்லாத ஓர் ஆளும் வேண்டும் என்றார்களாம், உடனே தாங்கள் "நம்ம சம்பந்தி பாய்லர் இன்ஸ்பெக்டரா இருந்தவர், எதுக்கும் அசரமாட்டார்"னு என்னைக் கோத்துவிட்டீர்கள். காலமெல்லாம் பாய்லர் பார்த்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாய்லர் நம்மை முறைக்காது.

குரங்கு கடித்துவிடுமோ என்று கனத்த கையுறையும் முழங்கால்வரை பூட்ஸுமாகப் போய் இறங்கினேன். அந்த இடத்தை நடத்துகிற கால்நடை டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அதுங்களால உங்களுக்கு ஏதாவது வந்துடுமோன்னு நான் கவலைப்படலை. உங்களால அதுங்களுக்குக் காசநோய் கீசநோய் வந்துடக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவோம்" என்றார். சம்பந்தி, கல்யாணப் பேச்சின்போது சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. ஊசி என்றால் எனக்கு ஆகாது. நர்ஸம்மா முழங்கைக்கு மேலே ரப்பரைக் கட்டியதும் நான் அவசர வழி எங்கே என்று விசாரித்தேன். அது என் தொழில் பழக்கம் என்று நினைத்துக் காட்டினார்கள். அதன் வழியாகவே வெளியே வந்துவிட்டேன்.

டாக்டரம்மா விடவில்லையே! தேடிப் பிடித்து ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் ஒரு குரங்கு. பராமரிக்கிறவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அது வந்து உட்கார்ந்து, கம்பி இடைவெளி வழியாகத் தானாகவே காலை நீட்டிச்சு, ரத்தம் எடுத்தாங்க, ஒரு துண்டு பழத்தை வாங்கித் தின்னுட்டுப் போயிடுச்சு. "பிடிச்சு அமுக்கி எடுத்தா பயத்துலயே ரத்தத்துல எல்லாம் மாறிடும் சார், சோதனையே பொய்யாயிடும். பொறுமையா பழக்கியிருக்கோம்" என்றார் டாக்டரம்மா. சபாஷ் என்கிற அர்த்தத்தில் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அவ்வளவுதான், கம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டது! பல்லைக் காட்டினா சண்டைக்குக் கூப்பிடறதாம், கண்ணைப் பார்த்தா மிரட்டறதாம். அப்புறம் இந்த முகத்தை நான் எதுக்குக் கொண்டு போனேன்?

குழுத் தலைவர் என்னைத் தனியே அழைத்து, நான் உள்ளே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை செல்லும், இந்த வாரத்துக்குள் அது போகாவிட்டால் இந்த ஆய்வுக்கூடம் வரிசையிலிருந்து விழுந்துவிடும், தடுப்பூசிச் சோதனை எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். புது ஆளைப் போட மாதக்கணக்காகுமாம். ஆகட்டுமே! எங்கேயும் குறையில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை? டாக்டரம்மா மட்டும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஊசி ஊசிதான். தயவுசெய்து பெயரை எடுத்துவிடுங்கள்.

தங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு என் ஆசி. தங்கள் மகள் போன் செய்தால் அவள் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இந்தக் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே கிடந்தது. பெயரை எடுக்க வேண்டாம். இதை எழுதிய மறுநாளே தங்கள் மகள் துணைக்கு வர, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டிவிட்டேன். காசநோய் இல்லையாம். உள்ளே விட்டார்கள், பல்லைக் காட்டாமல் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆய்வுக்கூடம் தேறிவிட்டது. அறிக்கையில் கடைசியாக ஒரு கேள்வி: "ஊசியைக் கண்டு மிரண்டு ஓடிய பிராணி ஏதேனும் உண்டா?" உண்மையைத்தானே எழுத வேண்டும்? "ஒன்று. இந்த நிறுவனத்தைச் சேர்ந்ததல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.