ஹீட்டர் அண்ணாச்சியின் வண்டியைத் தொடாதீர்கள்

கோவில்பட்டியில் வெயிலுக்கு அடுத்தபடியாக அதிகம் இருந்தது ஹீட்டர் அண்ணாச்சியின் பிடிவாதம்தான். சித்திரை மாதத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில், காசு கொடுத்து வண்டிக்கு ஹீட்டர் வாங்கி மாட்டிய ஒரே மனிதர் அவர். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். முதலில் சிரித்தவனே நான்தான்.

செல்போன் ஊருக்குள் வராத காலம். வேன் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் ஏழெட்டு டீசல் பிக்கப் வண்டிகள் நிற்கும். தீப்பெட்டிக் கம்பெனிகளில் பண்டல் ஏற்றுவதுதான் முக்கியமான வேலை. அண்ணாச்சியின் வண்டி அதில் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஊரே கொதித்தாலும் அந்த எஞ்சினுக்கு மட்டும் காலையில் குளிரும். சாவியைத் திருகினால் கிழவர் இருமுவதுபோல நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தள்ளினால்தான் எழுந்திருக்கும்.

தள்ளுவதற்கு ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய வண்டியைத் தள்ளுகிறோமோ அவர் தள்ளினவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். அதற்குத் ‘தள்ளு டீ’ என்று பெயர். தினமும் காலையில் ஆறு பேர் அண்ணாச்சி வண்டிக்குப் பின்னால் பல் விளக்கின கையோடு வந்து நின்றுவிடுவோம். அப்போதெல்லாம் அவருக்குப் பெயர் ‘தள்ளு அண்ணாச்சி’. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொந்த ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பெயர் தலைக்கு ஏறிவிட்டதுதான் அவருடைய வியாதி என்று ஸ்டாண்டு செயலாளர் சொல்லுவார்.

அந்தச் செயலாளர் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒருநாள் தள்ளிக்கொண்டே வரும்போது சொன்னார்:

“வேய், இதை வித்துட்டு ஒரு கழுதை வாங்கும். அதுவாவது தானாக் கிளம்பும்.”

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வண்டி சட்டென்று நின்றது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த எங்கள் மூக்குகள் பின்கதவில் மோதின. அண்ணாச்சி இறங்கி வந்தார். முகம் ஜிவுஜிவு என்று இருந்தது.

“கேட்டுக்கோங்கலே. இன்னையிலருந்து என் வண்டியை ஒருத்தனும் தொடப்புடாது. நான் செத்தாலும் தள்ளச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப எப்படிக் கிளப்புவீரு?”

“கிளப்புதேன் பாரும்.”

அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் வருவதில்லை. ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, சாயந்தரம் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போவார். காலையில் நடந்து வந்து, மேட்டிலிருந்து உருட்டி விட்டுக் கிளப்புவார். சில நாள் உருண்டது உருண்டபடியே போய்ப் பள்ளத்தில் கம்மென்று நிற்கும். தன்னந்தனியாகத் தோளைக் கொடுத்து மறுபடி மேட்டுக்கு ஏற்றுவார். உதவிக்குப் போனால் அடிக்கக் கல் எடுப்பார். நான் போனேன், அதனால் தெரியும்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பழைய இரும்புக்கடை பாய் கடையில், மலைபோல் கிடந்த தகரத்துக்கு நடுவே ஒரு சாமானைப் பார்த்தார். பிஸ்கட் டின் அளவு பெட்டி, நாலு குழாய், ஒரு சின்ன காற்றாடி.

“இது என்ன பாய்?”

“பனிமலையில ஓடின ராணுவ லாரில கழட்டினது அண்ணாச்சி. அங்கன டீசலே கட்டியாயிருமாம். இது டேங்குலருந்து ஒரு வாய் டீசலை உறிஞ்சி, உள்ளுக்குள்ளே எரிச்சு, ரேடியேட்டர் தண்ணியைச் சூடாக்கி எஞ்சினைச் சுத்தி அனுப்பும். எஞ்சின் ஓடவே வேண்டாம், பேட்டரி இருந்தாப் போதும். சூடானதும் ஒரே செல்ப்தான். இந்தக் காத்தாடி டிரைவருக்குச் சுடுகாத்து அடிக்கும்.”

“அப்ப யாரும் தள்ள வேண்டாம்?”

“பனிமலையில யாரு அண்ணாச்சி வந்து தள்ளுவா?”

அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது என்று பாய் பின்னால் சொன்னார். காற்றாடி நமக்கு எதற்கு, பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். “சாமான்னா முழுசா இருக்கணும் பாய்” என்று காற்றாடியையும் சேர்த்தே மாட்டிக்கொண்டார். காற்றாடியைத் தனியாக நிறுத்துகிற சுவிட்ச் மட்டும் பனிமலையிலேயே தங்கிவிட்டது. ஆக, அக்கினி நட்சத்திரத்திலும் எஞ்சின் சூடாகிற பத்து நிமிஷமும் அண்ணாச்சி முகத்தில் அனல் காற்று அடிக்கும். வேட்டியெல்லாம் நனைந்து ஒட்ட, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“எப்படி அண்ணாச்சி இருக்கு?” என்பேன்.

“குளுகுளுன்னு இருக்கு. ஓம் வேலையைப் பாருலே.”

முதல்நாள் அதைப் பற்றவைத்தபோது நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். வண்டி நிறையத் தீப்பெட்டிப் பண்டல். அடியில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. பிறகு வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. எங்கள் ஊரில் புகையைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. ஸ்டாண்டை ஒட்டின கம்பெனி வாசலில் இருந்த மணல் வாளி அத்தனையும் ஒரே நேரத்தில் அவர்மேல் வந்து விழுந்தது. பிறகு டீக்கடைத் தண்ணீர். அப்புறம் யாரோ பதற்றத்தில் டீயையும் ஊற்றினார்கள். அண்ணாச்சி மணலோடு இறங்கி வந்து, “முதல்ல அப்படித்தாம்லே புகையும்!” என்று கத்தினார். திரும்பிப் போய் உட்கார்ந்து செல்ப் அடித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கிழட்டு எஞ்சின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டே வாயைப் பிளந்தது. அன்றையிலிருந்து அவர் ஹீட்டர் அண்ணாச்சி.

ஆனால் நெருப்புப் பெட்டியை வயிற்றில் கட்டின வண்டியில் யார் தீப்பெட்டி ஏற்றுவார்கள்? ஒரே வாரத்தில் எல்லாக் கம்பெனியும் கையை விரித்துவிட்டன. ஹீட்டரைக் கழற்றினால் நாளைக்கே லோடு தருகிறோம் என்றார்கள்.

“தீப்பெட்டியை நீங்களே வச்சுப் பல்லைக் குத்துங்க. நான் ஆடு ஏத்திப் பிழைச்சுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படியே எட்டயபுரம் சந்தைக்கு ஆடு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

வண்டி சோதனைக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “இந்த ஊருக்கு எதுக்குய்யா ஹீட்டர்?” என்று கேட்டிருக்கிறார்.

“ஐயா, வண்டியில வைப்பர் கட்டாயம் இருக்கணும்னு சொல்லுதீங்க. இந்த ஊர்ல வருஷத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யுது? நான் ஒரு வார்த்தை கேட்டேனா?”

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒருவர் கைகூட அந்த வண்டிமேல் படவில்லை. பிறகு ஓர் ஐப்பசியில், அந்த வைப்பருக்கே வேலை வந்தது. மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் என் பூத்துக்கு ஒரு போன். எப்போதும்வென்றான் பக்கத்துக் காட்டில் ஆட்டு மந்தையோடு தங்கியிருந்த ஆட்டுக்காரர், ஊருக்குள் ஓடிவந்து ஒரு பூத்திலிருந்து பேசினார். அண்ணாச்சி வண்டியில் சந்தைக்கு வருகிறவர்.

“ஹீட்டர் அண்ணாச்சி இருக்காவளா? ஈன்ன குட்டியெல்லாம் குளிர்ல விறைச்சு விறைச்சு விழுது. தாய் மடியில வாய் வைக்க மாட்டேங்குது. வேற யாரைக் கூப்பிடன்னு தெரியலை.”

அண்ணாச்சியைக் கூட்டிவந்து சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த செயலாளர், “வேய், மழையில கரிசல்ல இறங்கினா, தை மாசந்தான் வண்டியை எடுக்கணும்” என்றார். அண்ணாச்சி சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரரிடம் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். குட்டிகள்மேல் இரக்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி சிக்கிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆசை நிறைவேறியது. ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கி ரொம்ப தூரம் போய், மந்தை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி மூச்சு நின்றது. காய்ந்தால்தான் இனி ஓடும், அதற்குச் சாயந்தரம் ஆகும் என்றார் அண்ணாச்சி. அதற்குள் ஆட்டுக்காரரும் அவர் மனைவியும் கூடைகளில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இரண்டு குட்டிகள் ஏற்கனவே தலை தொங்கி, லேசாக மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி கை ஹீட்டர் சுவிட்சுக்குப் போனது. நான் தடுத்தேன்.

“அண்ணாச்சி, எஞ்சின் ஓடலை. சாயந்தரம் வரை இதைப் போட்டா பேட்டரி செத்துப் போகும். அப்புறம் செல்ப் எடுக்காது. தள்ளணும்.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கை சுவிட்சிலேயே நின்றது. இரண்டு வருஷ வைராக்கியம், போன தீப்பெட்டி லோடு, தலையில் விழுந்த மணல் எல்லாம் அந்த முகத்தில் வந்து போனது. கூடையில் ஒரு குட்டி சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

“கிளம்புத கதையைக் கிளம்பும்போது பாப்போம்” என்று சுவிட்சைத் தட்டினார். “கொண்டாங்கய்யா குட்டியை!”

இருபத்தேழு குட்டிகள். சீட்டில், காலடியில், என் மடியில், அவர் கழுத்தில். அந்தக் காற்றாடி, ஊரே கேலி பேசிய அந்தக் காற்றாடி, அனலாக அடித்தது. நானும் அவரும் குளித்ததுபோல வேர்த்தோம். ஆட்டுக்காரர் மனைவி ஒவ்வொன்றையும் சாக்கால் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார். மதியம் ஒரு குட்டி எழுந்து நின்றது. நின்றதும் முதல் காரியமாக அண்ணாச்சி வேட்டியில் ஒன்றுக்குப் போனது. “சபாஷ்லே!” என்று அதைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அந்த மனிதருக்கு முத்தம் கொடுக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு மழை விட்டது. காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது. ‘டிக் டிக்’ சத்தமும் நின்றது. பேட்டரி காலி. ஆனால் குட்டிகள் எல்லாம், தேடி வந்த தாய்களின் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்து, எங்களைக் காணோமென்று தேடி, காலில் ஆளுக்கு ஒரு படி கரிசல் மண்ணோடு, ஸ்டாண்டு ஆட்கள் ஆறு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் செயலாளர்.

“என்ன வேய், ஹீட்டர் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“வண்டி கிளம்புமா?”

“கிளம்பாது.”

“அப்ப தள்ளணுமோ?”

அண்ணாச்சி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். “நான் சொல்லலை.”

யாரும் அசையவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்போது ஆட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

“அவிய சொல்ல வேண்டாம். என் குட்டி பிழைச்ச வண்டி. நான் கேக்கேன், தள்ளுங்கய்யா.”

செயலாளர் குட்டிகளைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “சொல்ல வேண்டிய ஆள் சொல்லியாச்சு. ஏலே, கை வைங்கலே!”

டயருக்கு அடியில் கருவேலங்கிளையை வெட்டிப் போட்டு, ஆட்டுக்காரரோடு சேர்த்து எட்டுப் பேர் தள்ளினோம். சரள்மேட்டில் ஏறியதும் வண்டி நாலு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. அண்ணாச்சி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

வருகிற வழியிலேயே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிவிட்டதுபோல, மறுநாள் காலையில் வழக்கம்போல ‘டிக் டிக்’ கேட்டது. ஒரே திருகலில் வண்டி கிளம்பி சந்தைக்குப் போய்விட்டது. யாரும் தள்ளவில்லை. அது போன பிறகு டீக்கடை மாஸ்டர் தட்டோடு வந்தார். எனக்கு ஒன்று, ஸ்டாண்டுக்கு ஆறு.

“யாரு சொன்ன டீ?” என்றார் செயலாளர்.

“ஹீட்டர் அண்ணாச்சி. ஆனா அவிய பேரைச் சொல்லப்புடாதுன்னு சொன்னாவ.”

செயலாளர் டீயை வாங்கிக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரு கேலியும் வராத முதல் காலை அது.

இப்போது என்னிடம் ஒரு கார் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடுகிறது. பின்னால் யாரும் நிற்பதில்லை, டீயும் வருவதில்லை. உங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று இன்னும் ஒரே ஒரு தடவை தள்ள ஆசையாக இருக்கிறது அண்ணாச்சி. நீங்கள் சொல்லவே வேண்டாம்.