டெல்மர் வண்டியில் ஏழு சரணம்

பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

டெல்மர் இன்னொரு முறை அமுக்கினார். கைப்பிடியின் இரண்டு பக்கமும் சூப்புக் கிண்ணம் போலத் துருத்திக்கொண்டிருந்த ஸ்பீக்கர்கள் வாயைத் திறப்பதாக இல்லை.

தேவாலயத்தின் வாசலில் இருபத்திரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. உள்ளே பாதிரியார் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்தால் வெண்டலின் சவப்பெட்டி வெளியே வரும். வந்தால் உடனே கிளம்ப வேண்டும். அதற்கு இருபது நிமிடம்கூட இல்லை.

"என்னய்யா, பாடுதா?" என்று கேட்டார் கிளைட். கூட்டத்திலேயே பெரிய வண்டி அவருடையதுதான்.

"பாடும்."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்து வேற கோளாறு."

வெண்டல் சாவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருந்தான். ஐந்தாவது வரி இது: 'கல்லறையில் என் அக்கா மாக்ஸின் பாடிய கீதம் ஒலிக்க வேண்டும். நேரில் பாடி அவள் தொண்டையை வருத்திக்கொள்ள வேண்டாம். பதிவு செய்து டெல்மர் வண்டியில் போடவும். வேறு எந்த வண்டியிலும் கூடாது.'

மற்ற வண்டிகளில் பதினாறில் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த பாட்டுப் பெட்டி இருந்தது. டெல்மருடையது எண்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. அதில் ஹாரன் அடிப்பதே வண்டியின் இஷ்டம். அப்படியிருந்தும் வெண்டல் அதைத்தான் எழுதியிருந்தான். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டியவன். வேறு யாரை நம்புவான்? அந்த வரியை வாசித்த அன்று டெல்மர் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அழுதார். இதுவரை யாரும் அவரிடம் எதையும் நம்பி ஒப்படைத்ததில்லை.

ஸ்பீக்கர் வைக்கும் வேலையை அவர் கடையில் கொடுக்கவில்லை. கடைக்காரன் பழைய ஒயரைக் காட்டிப் புது வண்டியை விற்கப் பார்ப்பான். எழுபத்தொரு வயதில் அதெல்லாம் தெரியாதா அவருக்கு? ஒயரிங் அவருக்குப் புதிதும் அல்ல. வெண்டல் வீட்டு அழைப்பு மணியை மாற்றிக் கொடுத்தவரே அவர்தான். அன்றிலிருந்து அந்த மணியை அமுக்கினால் கார் கொட்டகையில் விளக்கு எரியும். வெண்டல் கடைசிவரை அதைச் சரிசெய்யவில்லை. யாராவது கேட்டால் சிரிப்பான்.

டெல்மர் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினார். முழுக்கத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டைக் கழற்றினார்.

கோளாறு உடனே தெரிந்தது. எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார். கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினார். கம்பி இரும்பைத் தொட்டதும் 'டப்' என்றது. பச்சை விளக்கும் போனது. பியூஸ் தீய்ந்த வாடை வந்தது.

"யாருகிட்டயாவது பியூஸ் இருக்கா?"

இருபத்தோரு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"கிளைட், உன் பெட்டியில எப்பவும் ஒரு கடையே வெச்சிருப்பியே."

"இன்னிக்கு எடுத்து வெச்சுட்டு வந்துட்டேன், டெல்மர்."

"ஸ்க்ரூ டிரைவர்?"

"அதுவும்தான். விட்டுடேன்யா. ஆண்டவரே வேண்டாம்னு நினைக்கிறாரோ என்னவோ."

டெல்மர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெண்டல் தன் வண்டியைச் சொல்லவில்லையே என்ற புகைச்சல் இவனுக்கு. இவனுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். இல்லாவிட்டால் இருபத்தோரு வண்டியில் ஒரு பியூஸ் இருக்காதா?

வாயிலிருந்த சூயிங்கத்தைத் துப்பினார். பையில் கிடந்த அதன் வெள்ளித்தாளைச் சுருட்டிப் பியூஸ் இருந்த இடத்தில் திணித்தார். விளக்கு எரிந்தது. இன்ஜினைக் கிளப்பினார். ஸ்பீக்கரிலிருந்து குளவிக் கூட்டம் கிளம்பியதுபோல ஓர் இரைச்சல் வந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் குளவிகள் உச்சத்துக்குப் போயின. விட்டால் இறங்கி வந்தன. உள்ளே பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார்.

சாவியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கி நேராகப் பேட்டரியில் கட்டினார் டெல்மர். இரைச்சல் போனது. இனிமேல் சாவியை அணைத்தாலும் பாட்டுப் பெட்டி அணையாது. பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீதம் இருந்த பென் டிரைவ் ஆடிக் கழன்றுவிடக் கூடாது என்று அதன் மேல் டேப் சுற்றி, சீட்டை வைத்து, நான்கு போல்ட்டையும் முறுக்கியபோது தேவாலயக் கதவு திறந்தது.

பெட்டி வந்தது. பின்னால் வெண்டலின் மனைவி லோர்னா வந்தாள். அவள் நேராக டெல்மரிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை முழுக்க கிரீஸ்.

"சரியாகலைன்னா விட்டுடுங்க, டெல்மர். நிஜமாத்தான் சொல்றேன். வெண்டல் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு."

"அவன் எழுதிக் கொடுத்தது நடக்கும், லோர்னா."

லோர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாக்ஸின் வந்துவிட்டாள். எண்பது வயது. ஊதா நிறத் தொப்பி. நாற்பது வருஷமாக அந்தத் தேவாலயத்தின் தனிப் பாடகி. டெல்மர் பாதிரியார்களை நம்பாதவர். கோயிலுக்குள் கால் வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அதனால் அவள் பாடி அவர் கேட்டதில்லை. அவள் பதிவு செய்து கொடுத்த பென் டிரைவையும் வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று, அதைத் தேய்ப்பானேன் என்று ரேடியோவை வைத்துத்தான் சோதித்திருந்தார்.

"என் பாட்டு தயாரா?"

"தயார்."

"ஏழு சரணமும் வரணும். பாதியில நின்னா அவன் ஆத்மா சாந்தியடையாது."

"வரும்."

லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், துக்கம் என்று நினைத்துக்கொண்டார் டெல்மர்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டெல்மர். அவருக்கு வலது பக்கம் ஒரு வண்டிக்கான இடம் காலி, அது வெண்டலுடையது. செத்தவனுக்கான இடத்தை அவர்கள் யாரும் நிரப்புவதில்லை. பின்னால் இரண்டிரண்டாக மற்றவர்கள், அதற்கும் பின்னால் சவ வண்டி. இருபுறமும் சோளம் காய்ந்து நின்றது. எதிரே வந்த டிராக்டர்காரர் ஓரம் கட்டித் தொப்பியைக் கழற்றினார்.

கல்லறைத் தோட்டம் நான்கு மைல். ஊர்வல வேகம் ஆள் ஓடுகிற வேகம். இந்த வேகத்தில் அந்தப் பழைய வண்டி பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்காது என்பது டெல்மருக்கு இரண்டாவது மைலில்தான் நினைவுக்கு வந்தது. முகப்பு விளக்கு மஞ்சளாகிவிட்டது. ஊர்வலத்தில் விளக்கை அணைக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டலாம் என்றால் செத்தவனை விட்டுவிட்டு ஓடியது போலாகும். மூன்றாவது மைலில் விளக்கு சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வலது பக்கக் காலி இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"கொஞ்சம் பொறுடா. இன்னும் ஒரு மைலுதான்."

தோட்டத்து வாசலில், சரியாக வளைவுக்குக் கீழே, வண்டி செத்தது.

பின்னால் இருபத்தோரு வண்டிகள் கிரீச்சிட்டு நின்றன. கிளைட்டும் இன்னொருவரும் தள்ளினார்கள். வெண்டலின் குழிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தியதும் டெல்மர் கையைத் துடைத்துக்கொண்டார். பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு மினுக்கென்று ஒரு தரம் எரிந்து அணைந்தது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். நிறையப் பேர் விட்டார்கள்.

சவ வண்டி ஓட்டும் ஐரா அருகில் வந்து தோளைத் தட்டினான்.

"உங்களால ஆனதைச் செஞ்சுட்டீங்க. எல்லாரும் புரிஞ்சுக்குவாங்க. போய் நில்லுங்க."

"உன் வண்டியைப் பக்கத்துல எடு. உன் பேட்டரியில இருந்து எடுப்போம். கேபிள் இருக்கா?"

"இல்லையே."

மலர் வளையங்களை இறக்குவதற்காகச் சவ வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. டெல்மர் எட்டிப் பார்த்தார். சிவப்பும் கறுப்புமாகக் கேபிள் சுருண்டு கிடந்தது.

"அது என்ன, பாம்பா?"

"மறந்துட்டேன்," என்றான் ஐரா.

இவனுமா என்று நினைத்துக்கொண்டார் டெல்மர். இவனுக்கு மோட்டார் சைக்கிளே கிடையாதே, இவனுக்கு என்ன பொறாமை?

சீட்டை மறுபடி கழற்றிக் கேபிளை அவரே மாட்டினார். பாதிரியார் கடைசி ஜெபத்தின் கடைசி வரியில் இருந்தார். மாக்ஸின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். ஆமென் என்றார்கள். டெல்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார்.

வந்தது.

முதல் சத்தத்தில், எர்த் ஒயர்தான் மறுபடி போய்விட்டது என்று அவர் பதறிக் குனிந்தார். இறுக்கிப் பார்த்தார். ஒயர் சரியாக இருந்தது. சத்தமும் அப்படியே இருந்தது. பக்கத்து வயலிலிருந்து காக்கைகள் எழும்பிப் போயின. எங்கோ ஒரு நாய் ஊளையிட ஆரம்பித்தது. குமிழ் டெல்மரின் சட்டைப் பையில் இருந்ததால் குறைக்க வழியில்லை. ஸ்பீக்கர் கொடுக்கக்கூடிய மொத்தச் சத்தமும் ஐயோவா மாநிலம் முழுக்கப் பரவியது.

சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். கிளைட்டின் தோள் குலுங்கியது. லோர்னா முகத்தைக் கைக்குட்டையால் முழுக்க மூடிக்கொண்டிருந்தாள். மாக்ஸின் மட்டும் நிமிர்ந்து நின்று தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டெல்மரின் கண்ணிலும் நீர் வந்தது. நான் செஞ்சிட்டேன்டா, வெண்டல்.

இரண்டாவது சரணம் தொடங்கியபோது ஐராவின் கை மெல்லக் கேபிள் பக்கம் போனது. டெல்மர் தட்டிவிட்டார். மூன்றாவது சரணத்தில் மறுபடி போனது. மறுபடி தட்டினார்.

"நிறுத்த முடியாதா, டெல்மர்?" என்று ஐரா பல்லுக்குள் கேட்டான்.

"எதுக்கு நிறுத்தணும்? இன்னும் நாலு சரணம் இருக்கு. அவன் எழுதிக் கேட்டது இது."

ஐரா குழியைப் பார்த்தான். பிறகு குனிந்து அவர் காதருகே வந்தான்.

"அந்தத் தாளை எங்க சவ அடக்க ஆபீசுல என் முன்னாடி உக்காந்துதான் எழுதினாரு. 'அக்காகிட்ட பாடாதேன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல, ஐரா. டெல்மர் ஒயரிங் பண்ணினா ஒரு சத்தம் வராது, நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன்'னு சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு."